நிக்கோலா டெஸ்லா: வாழ்வும் மின்னியல் பணிகளும்

நிக்கோலா டெஸ்லா (10 ஜூலை 1856 – 7 ஜனவரி 1943) செர்பிய இனத்தில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மின்பொறியாளர், புதுப்புனைவாளர். சுழல் காந்தப்புலத்தால் இயங்கும் மாறுதிசை மின்மோட்டாரும் அதற்கேற்ற பல்கட்ட மின்வழங்கல் முறையும் இவருடைய தலையாய பணிகள். வயலில் ஓடும் பம்ப்செட், மாவு மில், வீட்டு கிரைண்டர், கூரையில் சுற்றும் மின்விசிறி ஆகியவற்றில் பெரும்பாலானவை இன்றும் அந்தத் தத்துவத்தில்தான் சுழல்கின்றன.

டெஸ்லாவைப் பற்றி இணையத்தில் உலவும் செய்திகளில் பாதி கதைகள். மாறுதிசை மின்சாரத்தையே கண்டுபிடித்தவர், எடிசனால் ஏமாற்றப்பட்டவர், உலகுக்கு இலவச மின்சாரம் தர முயன்று அடக்கப்பட்டவர் என்று அவை நீளும். இக்கதைகளைக் கேட்டு வளரும் மாணவருக்கு ஒரு வீரநாயகன் கிடைக்கிறான். ஆனால் மோட்டார் ஏன் சுற்றுகிறது என்பது தெரியாமலே போகிறது. டெஸ்லாவின் உண்மையான பெருமை அந்த மோட்டாருக்குள் இருப்பதால், இக்கட்டுரையும் அதற்கே கூடுதல் இடம் தருகிறது.

இளமையும் கல்வியும்

டெஸ்லா பிறந்த ஸ்மில்யான் சிற்றூர் அன்று ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. இன்று குரோஷியாவில் உள்ளது. தந்தை மிலுட்டின் கிழக்கு மரபுவழித் திருச்சபையின் பாதிரியார். தாய் ஜியூக்கா பள்ளி சென்று படித்தவர் அல்லர். ஆனாலும் வீட்டு வேலைக்கு வேண்டிய சிறு கருவிகளைத் தாமே செய்துகொள்வார், நீண்ட செர்பியக் காவியப் பாடல்களை மனப்பாடமாகச் சொல்வார். தம் புனைவுத் திறன் தாயிடமிருந்து வந்தது என்று டெஸ்லா பிற்காலத்தில் எழுதினார்.

மகனும் பாதிரியாராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். 1873-இல் டெஸ்லா காலராவில் விழுந்து உயிருக்குப் போராடியபோது, பிழைத்து எழுந்தால் பொறியியல் படிக்க அனுப்புவதாகத் தந்தை வாக்களித்தார். அதன்படி 1875-இல் கிராட்ஸ் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். முதலாண்டில் ஒன்பது தேர்வுகளில் தேறினார். பிறகு சூதாட்டப் பழக்கத்தில் சிக்கி, பட்டம் பெறாமலே வெளியேறினார். "டெஸ்லாவே பட்டம் வாங்கவில்லை" என்று சொல்லும் மாணவர்கள் அந்த ஒன்பது தேர்வுகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கிராட்ஸ் வகுப்பறையில்தான் அவருடைய வாழ்நாள் கேள்வி பிறந்தது. பேராசிரியர் பெஷ்ல் ஒரு நேர்திசை இயந்திரத்தை இயக்கிக் காட்டினார். அதன் தூரிகைகளில் தீப்பொறி பறந்தது. சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரவும், அரைச்சுற்றுக்கு ஒருமுறை அதன் திசையை மாற்றவும் அந்த இயந்திரத்துக்கு திசைமாற்றி என்ற துண்டு வளையமும் அதன்மீது உரசும் தூரிகைகளும் தேவை. இதைப் பார்க்க ஆய்வகம் வேண்டியதில்லை. வீட்டு மிக்ஸியின் காற்றுத் துளை வழியாக நீல நிறத்தில் பொறி தெரியுமே, அதுவே இது. மிக்ஸிக்கு 'கார்பன்' மாற்ற வேண்டிவருவதும் இந்த உரசலால்தான். திசைமாற்றி இல்லாமலே மோட்டாரை ஓட்ட முடியாதா என்று டெஸ்லா கேட்டார். அது நிலைபேறு இயக்கப் பொறி செய்வதற்கு ஒப்பானது, நடக்காது என்று பேராசிரியர் வகுப்பிலேயே விளக்கினாராம்.

விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. புடாபெஸ்ட் நகரில் தொலைபேசி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த டெஸ்லா, 1882-இல் ஒரு மாலை நண்பருடன் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது அந்த எண்ணம் மின்னல்போல் தோன்றியதாகவும், ஒரு குச்சியால் மணலில் அதன் படத்தை வரைந்து காட்டியதாகவும் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். அதே ஆண்டு பாரிசில் எடிசன் நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளையில் சேர்ந்தார். 1884-இல் நியூயார்க் சென்றார்.

மோட்டார் எவ்வாறு சுழல்கிறது?

வட்டமான இரும்புச் சட்டம் ஒன்றின் உட்புறத்தில் இரண்டு கம்பிச்சுருள்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்துவதாக எண்ணிக்கொள்வோம். முதல் சுருள் வடக்கு–தெற்காகவும் இரண்டாவது கிழக்கு–மேற்காகவும் காந்தப்புலம் தரும். இரண்டுக்கும் மாறுதிசை மின்னோட்டம் தருகிறோம், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. முதல் சுருளில் மின்னோட்டம் உச்சத்தை அடைந்து கால் சுற்று நேரம் கழித்தே இரண்டாவதில் உச்சம் வருமாறு தருகிறோம்.

இப்போது நடப்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். தொடக்கத்தில் முதல் சுருளில் உச்ச மின்னோட்டம், இரண்டாவதில் சுழி. எனவே காந்தப்புலம் வடக்கு நோக்கி நிற்கும். கால் சுற்று கழித்து முதலாவதில் சுழி, இரண்டாவதில் உச்சம்; புலம் கிழக்கு நோக்கும். இன்னொரு கால் சுற்றில் முதல் சுருளின் மின்னோட்டம் எதிர்த்திசையில் உச்சமடைவதால் புலம் தெற்கு நோக்கும். அடுத்தது மேற்கு. இடைப்பட்ட நேரங்களில் இரண்டு புலங்களும் சேர்ந்து இடைப்பட்ட திசையைக் காட்டும். ஆக, சுருள்கள் இருந்த இடத்திலேயே இருக்க, காந்தப்புலம் மட்டும் கடிகார முள்போல் சுற்றி வருகிறது. இதுவே சுழல் காந்தப்புலம்.

இதன் நடுவே, இரு முனைகளிலும் வளையத்தால் இணைக்கப்பட்ட செம்பு அல்லது அலுமினியக் கம்பிகள் பதித்த ஓர் இரும்பு உருளையை வைத்தால், சுற்றும் புலம் அந்தக் கம்பிகளை வெட்டிச் செல்லும். ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டலால் அவற்றில் மின்னோட்டம் பிறக்கும். அந்த மின்னோட்டத்தைச் சுழல்புலம் பிடித்து இழுக்க, உருளை சுற்றத் தொடங்கும். சுழலும் பகுதிக்கு வெளியிலிருந்து ஒரு கம்பிகூடச் செல்லவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தூரிகையும் திசைமாற்றியும் இல்லாததால் பொறியும் இல்லை. பேராசிரியர் முடியாது என்றது இதைத்தான்.

உருளை சுழல்புலத்தின் வேகத்தை ஒருபோதும் எட்டிப்பிடிக்காது. எட்டிவிட்டால் புலம் கம்பிகளை வெட்டுவது நின்றுவிடும், மின்தூண்டல் நிற்கும், இழுக்கும் விசையும் மறையும். எனவே சற்றுப் பின்தங்கியே ஓடும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதனால் இரு துருவ மோட்டாரில் புலம் நிமிடத்துக்கு 3000 முறையும், நான்கு துருவ மோட்டாரில் 1500 முறையும் சுற்றும். ஆனால் பம்ப்செட் மோட்டாரின் பெயர்த்தகட்டில் 2880 என்றோ 1440 என்றோ அச்சிட்டிருப்பதைக் காணலாம். 3000-க்கும் 2880-க்கும் இடையே உள்ள அந்த வேறுபாடு இல்லையென்றால் மோட்டாரே இல்லை.

டெஸ்லா முதலில் பயன்படுத்தியது இரண்டு கட்டம். நம் ஊரில் 'மும்முனை மின்சாரம்' என்று சொல்வது மூன்று கட்டம். ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு பங்கு சுற்று இடைவெளியில் உச்சமடைவது. இரண்டிலும் தத்துவம் ஒன்றே. மும்முனை மோட்டார் நிற்கும்போது ஒரு ஃபேஸ் இல்லாமல் சுவிட்சைப் போட்டால் அது உறுமிக்கொண்டே நிற்கும், சுற்றாது. அப்படியே விட்டால் காயில் எரிந்துவிடும். காரணம், மீதமுள்ள இணைப்பில் காந்தப்புலம் முன்னும் பின்னுமாக மாறுமே தவிரச் சுழலாது. உழவர்களும் வைண்டிங் கடைக்காரர்களும் அனுபவத்தில் அறிந்த இந்த உண்மைக்குப் பின்னால் இருப்பது டெஸ்லாவின் மணல் படம்.

வீட்டு மின்விசிறிக்கு வருவது ஒற்றை ஃபேஸ்தானே, அது எப்படிச் சுற்றுகிறது என்று கேட்கலாம். அதனுள் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்றுக்கு மின்சாரம் நேராகச் செல்லும், மற்றொன்றுக்கு 'கண்டென்சர்' வழியாகச் செல்லும். கண்டென்சர் மின்னோட்டத்தின் உச்சத்தை நேரத்தில் இடம்பெயர்த்து, இரண்டாவது கட்டம் ஒன்றை உண்டாக்கித் தருகிறது. கண்டென்சர் பழுதானால் விசிறி மெதுவாகச் சுற்றும், அல்லது கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றும். ஒரே இணைப்பிலிருந்து இரண்டாவது கட்டத்தைப் பிரித்தெடுக்கும் வழிகளுக்கும் டெஸ்லா காப்புரிமை பெற்றிருந்தார். (அண்மையில் வந்துள்ள பி.எல்.டி.சி. விசிறிகள் வேறு வகை.)

நியூயார்க் வாழ்க்கை

எடிசனின் இயந்திரப் பட்டறையில் டெஸ்லா பணியாற்றியது ஏறத்தாழ ஆறு மாதங்களே. 50,000 டாலர் தருவதாகச் சொல்லிவிட்டு, வேலை முடிந்ததும் "அது வேடிக்கைப் பேச்சு" என்று எடிசன் கைவிரித்தார் என்ற கதை பரவலானது. டெஸ்லாவின் தன்வரலாற்றில் அந்த வாக்குறுதியைத் தந்தவர் 'மேலாளர்' என்றே உள்ளது, எடிசன் என்று இல்லை. அடுத்து அவரே பங்காளிகளுடன் தொடங்கிய வில்விளக்கு நிறுவனமும் கைவிட்டுப்போய், 1886–87 குளிர்காலத்தில் நாளுக்கு 2 டாலர் கூலிக்குப் பள்ளம் தோண்டினார். சுழல்புல மோட்டாரைத் தலைக்குள் வைத்துக்கொண்டு மண்வெட்டி பிடித்த காலம் அது.

1887-இல் ஆல்ஃபிரட் பிரவுன், சார்லஸ் பெக் என்னும் இருவர் முதலீடு செய்ய முன்வந்தனர். மோட்டார் உருப்பெற்றது. 1888 மே 1 அன்று முக்கியக் காப்புரிமைகள் வழங்கப்பட்டன. மே 16 அன்று அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தில் டெஸ்லா நிகழ்த்திய உரை பொறியாளர்களின் கவனத்தை ஈர்த்தது. அந்தக் கோடையிலேயே ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸின் நிறுவனம் காப்புரிமைகளைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றது. பணமும் பங்குகளுமாக 60,000 டாலர். அத்துடன் ஒவ்வொரு குதிரைத் திறனுக்கும் 2.50 டாலர் உரிமைத்தொகை.

டெஸ்லா மாறுதிசை மின்னோட்டத்தைக் கண்டுபிடிக்கவில்லை. 1832-இலேயே பிரான்சின் பிக்சி செய்த முதல் கைச்சுழற்சி மின்னியற்றி தந்தது மாறுதிசை மின்னோட்டமே. வெஸ்டிங்ஹவுஸுக்காக வில்லியம் ஸ்டான்லி 1886-இல் மின்மாற்றிகளைக் கொண்டு ஓர் ஊருக்கு மாறுதிசை மின்சாரம் வழங்கிக் காட்டியிருந்தார். விளக்கு எரிந்தது, மோட்டார்தான் இல்லை. டெஸ்லா அந்தக் குறையை நீக்கினார். அதிலும் அவர் தனி ஆள் அல்லர். இத்தாலியின் கலிலியோ ஃபெராரிஸ் சுழல் காந்தப்புலத்தைத் தாமாகவே கண்டு 1888 மார்ச்சில் வெளியிட்டார். ஜெர்மனியில் பணியாற்றிய டொலிவோ-டொப்ரோவோல்ஸ்கி மூன்று கட்ட முறையையும், மேலே சொன்ன 'அணில்கூண்டு' உருளையையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். வெஸ்டிங்ஹவுஸின் லாம், ஸ்காட் ஆகிய பொறியாளர்கள் டெஸ்லாவின் மோட்டாரை விற்பனைக்கு ஏற்றதாக மாற்றினர். பலர் இழுத்த தேர் என்பதால் டெஸ்லாவின் பங்கு குறைந்துவிடாது.

மின்னோட்டப் போர்

எடிசனின் நேர்திசை மின்சாரம் 1882 முதல் நியூயார்க்கில் விளக்கேற்றி வந்தது. அதன் குறை தொலைவு. ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். 1,00,000 வாட் திறனை 100 வோல்ட்டில் அனுப்ப 1000 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். கம்பியின் மின்தடை 0.05 ஓம் மட்டுமே என்று வைத்துக்கொண்டாலும், மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால் 50,000 வாட் வெப்பமாக வீணாகிறது. பாதி வழியிலேயே போயிற்று. அதே திறனை 10,000 வோல்ட்டில் அனுப்பினால் 10 ஆம்பியர் போதும். இழப்பு வெறும் 5 வாட். மின்னழுத்தத்தை அனுப்புமிடத்தில் உயர்த்தவும் சேருமிடத்தில் தாழ்த்தவும் மின்மாற்றி வேண்டும், மின்மாற்றியோ மாறுதிசையில்தான் வேலை செய்யும். அன்றைய நிலையில் எடிசன் தரப்புக்கு இதற்கு விடை இல்லை.

விடை இல்லாத இடத்தில் அச்சுறுத்தல் வந்தது. ஹரால்ட் பிரவுன் என்பவர் மாறுதிசை மின்சாரத்தால் விலங்குகளைக் கொன்று பொதுமக்களுக்குக் காட்டினார். 1890 ஆகஸ்ட் 6 அன்று மின் நாற்காலியில் முதல் மரண தண்டனை நிறைவேறியது. இந்தப் போர் உண்மையில் எடிசன், வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனங்களுக்கு இடையே நடந்தது. டெஸ்லா அதில் நேரடிப் போராளி அல்லர். 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்கு ஒளியூட்டும் ஒப்பந்தம் வெஸ்டிங்ஹவுஸுக்குக் கிடைத்தபோது முடிவு ஏறத்தாழத் தெரிந்துவிட்டது. நயாகரா அருவியில் 5000 குதிரைத் திறன் கொண்ட வெஸ்டிங்ஹவுஸ் மின்னியற்றிகள் நிறுவப்பட்டு, 1896 நவம்பரில் சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள பஃபலோ நகருக்கு மின்சாரம் சென்றது. அம்மின்சாரம் நொடிக்கு 25 சுற்று. அதே 25 சுற்று மாறுதிசை மின்சாரம் ஆறே ஆண்டுகளில் காவிரிக்கும் வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்தில் உற்பத்தியான மின்சாரம் சுமார் 147 கி.மீ. கடந்து, தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் உழைத்த கோலார் தங்கச் சுரங்கங்களை எட்டியது.

இதற்கிடையே 1890–91-இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் கடனில் தத்தளித்தது. டெஸ்லா உரிமைத்தொகையை விட்டுக்கொடுத்தார். ஒப்பந்தத்தைக் கிழித்து எறிந்தார் என்பது பிற்கால வரலாற்றாசிரியர் தந்த காட்சி. 1897-இல் காப்புரிமைகளுக்கு ஈடாக 2,16,000 டாலரை நிறுவனம் ஒரே தவணையாகக் கொடுத்தது. சிறிய தொகை அல்ல. ஆனால் குதிரைத் திறனுக்கு இரண்டரை டாலர் என்ற கணக்கு நீடித்திருந்தால் அவர் பெருஞ்செல்வராகியிருப்பார்.

கம்பியில்லா மின்சாரம்

1891-இல் டெஸ்லா உருவாக்கிய உயர் அதிர்வெண் மின்மாற்றி, இன்று 'டெஸ்லா சுருள்' என்ற பெயரில் அறிவியல் கண்காட்சிகளில் நீண்ட பொறிகளைப் பறக்கவிடுகிறது. 1895 மார்ச்சில் அவருடைய ஆய்வகம் தீக்கிரையாகிக் குறிப்புகளும் கருவிகளும் அழிந்தன. ஆயினும் 1898-இல் வானொலி அலையால் கட்டுப்படுத்தும் சிறு படகை நியூயார்க்கில் ஓட்டிக் காட்டினார். இன்றைய ரிமோட் கருவிகளின் முன்னோடி அது.

1899-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் மிகப்பெரிய சுருளை நிறுவிச் சோதனைகள் செய்தார். பொறிமழைக்கு நடுவே அவர் அமைதியாக நாற்காலியில் அமர்ந்து படிக்கும் புகழ்பெற்ற ஒளிப்படம், ஒரே தகட்டில் இருமுறை ஒளிபதித்து எடுத்தது. உண்மையில் பொறிகள் பறந்தபோது அவர் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை.

நியூயார்க்குக்கு அருகே லாங் தீவின் வார்டன்கிளிஃப் என்னுமிடத்தில் 1901-இல் பெருங்கோபுரம் கட்டத் தொடங்கினார். வங்கியாளர் ஜே.பி. மார்கன் 1,50,000 டாலர் தந்தார். கடல் கடந்து செய்தி அனுப்புவது முதல் நோக்கம். பூமியையே கடத்தியாகக் கொண்டு மின்திறனையும் அனுப்பலாம் என்பது டெஸ்லாவின் கனவு. அதே ஆண்டு டிசம்பரில் மார்க்கோனி மிக எளிய கருவிகளுடன் அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் செய்தி பெற்றதாக அறிவித்தார். டெஸ்லா மேலும் பணம் கேட்டார், மார்கன் மறுத்தார். கோபுரம் முடிவடையாமலே நின்று, 1917-இல் அவருடைய ஹோட்டல் கடனுக்காக இடிக்கப்பட்டது.

மார்கன் மறுக்காமல் இருந்திருந்தால் உலகுக்கு இலவச மின்சாரம் கிடைத்திருக்கும் என்று பல காணொளிகள் சொல்கின்றன. இயற்பியல் அதை ஏற்காது. ஓரிடத்திலிருந்து எல்லாத் திசையிலும் பரவும் ஆற்றலில், தொலைவிலுள்ள ஒரு வாங்கிக்கு மிகச் சிறு பங்கே கிட்டும். வானொலிக்கு அந்தச் சிறு பங்கு போதும். அதைப் பெருக்கிக் கேட்டுக்கொள்ளலாம். விளக்கெரிக்கவும் மோட்டார் ஓட்டவும் அது போதாது. இன்று செல்பேசியைத் தட்டின்மீது வைத்து மின்னேற்றம் செய்வது சில மில்லிமீட்டர் இடைவெளியில் நடக்கும் மின்தூண்டல். வார்டன்கிளிஃப் திட்டத்தின் வெற்றி அன்று. அங்கே டெஸ்லாவை வீழ்த்தியது சதி என்பதைவிட, தம் கருத்தைச் சிறு அளவில் சோதித்து மெய்ப்பிக்கும் முன்பே பெரிதாகக் கட்டத் துணிந்த அவசரம் என்று கொள்வதே பொருந்தும்.

வானொலி வழக்கிலும் இதுபோன்ற மிகை உண்டு. 1943 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மார்க்கோனியின் ஒரு காப்புரிமையின் முக்கியக் கோரல்களைச் செல்லாதவை என்றது. லாட்ஜ், ஸ்டோன், டெஸ்லா ஆகியோரின் முந்தைய பணிகள் அதற்குக் காரணமாயின. வானொலியைக் கண்டுபிடித்தவர் டெஸ்லா என்று அத்தீர்ப்பு கூறவில்லை.

இறுதிக்காலமும் நினைவும்

டெஸ்லா திருமணம் செய்துகொள்ளவில்லை. பிற்காலத்தில் ஹோட்டல் மாற்றி ஹோட்டலாக, கட்டணம் பாக்கி வைத்து வாழ்ந்தார். புறாக்களுக்கு இரை போடுவதே நாள்தோறும் வழக்கம். 1917-இல் மின்பொறியாளர் கழகம் அவருக்கு வழங்கிய உயரிய விருதின் பெயர் எடிசன் பதக்கம். 1934 முதல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் மாதம் 125 டாலரும் அறை வாடகையும் கொடுத்து வந்தது. 1943 ஜனவரி 7 அன்று ஹோட்டல் நியூயார்க்கரின் 33-ஆம் மாடி அறையில் தனிமையில் இறந்தார். அரசு எடுத்துச்சென்ற அவருடைய தாள்களை ஆராய்ந்த பொறியாளர் ஜான் டிரம்ப், அவற்றில் பெரும்பாலும் ஊகங்களே இருப்பதாகவும் ஆபத்தான ரகசிய ஆயுதம் எதுவும் இல்லை என்றும் அறிக்கை தந்தார். கதைகள் அதனால் நிற்கவில்லை.

அவருடைய தாள்களும் உடைமைகளும் பெல்கிரேடு நகரின் டெஸ்லா அருங்காட்சியகத்தில் உள்ளன. அவரது சாம்பலும் 1957-இல் அங்கே கொண்டுவரப்பட்டது. வார்டன்கிளிஃப் நிலத்தை, 2012-இல் இணையவழியே திரட்டிய பொதுமக்கள் நன்கொடையின் துணையோடு ஓர் அமைப்பு 2013-இல் வாங்கியது.

1960-இல் காந்தப்பாய அடர்த்தியின் பன்னாட்டு அலகுக்கு 'டெஸ்லா' என்று பெயரிடப்பட்டது. ஒரு டெஸ்லா பெரிய அளவு. தமிழ்நாட்டில் திசைகாட்டி ஊசியைத் திருப்பும் புவிக் காந்தப்புலம் அதில் ஏறத்தாழ 25,000-இல் ஒரு பங்கே. மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் பொதுவாக 1.5 அல்லது 3 டெஸ்லா. அந்த அறைக்குள் நுழையுமுன் சாவிக்கொத்தை வெளியே வைக்கச் சொல்வது அதனால்தான்.